பாலிஹவுஸ் ரோஜாவில் செஞ்சிலந்தி: அறிகுறியை வைத்து ஆளைப் பிடிப்பது

பிப்ரவரி 14-க்கான கடைசி வண்டி கிளம்பியதும் ஓசூர், பாகலூர், தளி பக்கத்து ரோஜாத் தோட்டங்களில் எல்லோருக்கும் உடம்பு ஓய்ந்துவிடும். டிசம்பர் நடுவில் கவாத்து செய்த நாளிலிருந்து இரவு பகல் பாராமல் உழைத்தவர்கள், இனி ஒரு வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். வெயில் ஏறத் தொடங்குவதும் அதே வாரத்தில்தான். மார்ச் பிறந்ததும் போன் வரும்: "அண்ணா, இலையெல்லாம் வெளுத்துப் போச்சு, என்ன மருந்து அடிக்கட்டும்?"

"அடிக்கிறது இருக்கட்டும், இலையைத் திருப்பிப் பார்த்தீங்களா?" என்பதுதான் என் பதில். முக்கால்வாசிப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். மேல் பக்கத்தில் நாம் காண்பது ஒரு வாரம், பத்து நாளுக்கு முன் கீழ்ப் பக்கத்தில் தொடங்கிய கதை. அங்கே இப்போது என்ன நடக்கிறது என்று தெரியாமல் பாட்டிலைத் திறந்தால் பணமும் போகும், மருந்தின் வீரியமும் போகும்.

உங்கள் தோட்டத்தில் தெரியும் அறிகுறி எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் அடுத்த பகுதியை மட்டும் படித்துவிடுங்கள். மீதி எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

எங்கே பார்ப்பது, எதைப் பார்ப்பது

10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, வெள்ளைத் தாள் ஒன்று, இரண்டு நிறத்தில் ரிப்பன், ஒரு நோட்டு. இவ்வளவு போதும்.

ரோஜாவில் பார்க்க வேண்டிய இடம் பூக்காம்பு அல்ல. செடிக்கு உணவு செய்யட்டும் என்று பாத்தியின் இரு பக்கமும் வளைத்து விட்டிருக்கிறோமே, பெண்டிங் கிளைகள், அவற்றின் அடி இலைகள்தான் செஞ்சிலந்தியின் சொந்த வீடு. அங்கே நெருக்கம் அதிகம், காற்று குறைவு, மருந்துத் துளி எட்டுவதும் அரிது. ஆளோ வெட்டுக் கத்தியோ அந்தப் பக்கம் போவதே இல்லை. பூக்காம்பின் இலையில் சிலந்தி தெரிகிறது என்றால், கீழ் வீடு நிரம்பி மேலே ஏறி வந்திருக்கிறது என்று பொருள்.

செஞ்சிலந்தி, மைட்ஸ், சிவப்புப் பேன் என்று பல பேரில் அழைத்தாலும் இது பூச்சி இல்லை. எட்டுக் கால் கொண்ட சிலந்தி இனம். பாலிஹவுஸில், அதாவது பிளாஸ்டிக் தாள் போர்த்திய நம் கூடாரத்தில், பெரும்பாலும் வருவது இரண்டு புள்ளிச் சிலந்தி. பெண் சிலந்தி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பெயரை நம்பிச் சிவப்பைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். பல நேரம் அது மஞ்சள் கலந்த பச்சையாக, உடம்பின் இரு பக்கமும் ஒவ்வொரு கரும்புள்ளியோடு இருக்கும். தின்ற சாறு வயிற்றுக்குள் தேங்கி வெளியே தெரிவதுதான் அந்தப் புள்ளி. முட்டை கண்ணாடி மணி போல உருண்டை. பொரிக்கும் நேரம் நெருங்க நெருங்க வைக்கோல் நிறத்துக்கு வரும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஆறு கால்தான். முதல் முறை தோலுரித்த பிறகே எட்டுக் கால்.

இனி நாள் கணக்கு. இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 30 டிகிரி செல்சியஸில் ஒரு முட்டை பொரிந்து, வளர்ந்து, தானே முட்டையிடும் பெண்ணாக ஏழு எட்டு நாள் போதும். 20 டிகிரியில் அதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். முட்டை பொரிவதற்கு மட்டும் 30 டிகிரியில் சுமார் 3 நாள், 20 டிகிரியில் ஏறக்குறைய ஒரு வாரம். ஒரு பெண் தன் ஆயுளில் நூறு முட்டை வரை இடும். ஆணோடு சேராத பெண்ணும் முட்டையிடும். அவை எல்லாம் ஆணாகவே பொரியும். ஆகவே யாரோ ஒருவர் சட்டையில் ஒட்டி உள்ளே வந்த ஒரே ஒரு பெண், தன் மகன்களோடு சேர்ந்து ஒரு கூட்டத்தையே உண்டாக்கிவிட முடியும். ஜனவரியில் கட்டுக்குள் இருந்தது மார்ச்சில் திடீரென்று பெருகியது ஏன் என்ற கேள்விக்கு இந்தக் கணக்குதான் பதில். வெயில் அதன் ஒரு தலைமுறைக் காலத்தைப் பாதியாகச் சுருக்கிவிட்டது.

அறிகுறி: இலையின் மேல் பக்கம் ஊசி குத்தியது போல வெளிர் புள்ளிகள்

சிலந்தி தன் ஊசி வாயால் இலையின் அடியிலிருந்து ஒவ்வொரு செல்லாகக் குத்திப் பச்சையத்தோடு சாற்றை உறிஞ்சுகிறது. காலியான செல் மேல் பக்கத்தில் வெளிர் புள்ளியாகத் தெரிகிறது. முதலில் நடு நரம்பை ஒட்டியும் இலைக்காம்பு சேரும் இடத்திலும் புள்ளிகள் கூடும். பிறகு இலை முழுக்கப் பரவும்.

ஆனால் வெளுத்த இலை எல்லாம் சிலந்தி இல்லை. இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். இலைப்பேன் சுரண்டினால் வெள்ளிப் பூச்சு போன்ற கோடும் திட்டும் வரும், நடுவே மிளகுத்தூள் தூவியது போல அதன் கழிவு கறுப்பாகக் கிடக்கும். மெக்னீசியம் குறைந்தால் அடி இலையில் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகும். இரும்பு குறைந்தால் அதே கோலம் நுனித் தளிரில். இரண்டிலும் புள்ளி இருக்காது, நிறம் ஒரே சீராகப் போகும். அடிச்சாம்பல் நோயில் கருஞ்சிவப்பு, ஊதா நிறத் திட்டுகள் நரம்புக்குள் கட்டம் கட்டியது போல வந்து, இலை தொட்டதும் உதிரும்.

சந்தேகம் தீர வழி எளிது. வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துக் கிளையை நான்கு தட்டு தட்டுங்கள். தூசி போல விழுந்ததை அரை நிமிடம் கவனியுங்கள். தூசி நகர்ந்தால் சிலந்தி. விரலால் மெல்லத் தேய்த்தால் பச்சை மஞ்சள் கோடு விழுந்தால், அது செடியைத் தின்னும் சிலந்தி. விறுவிறுவென்று ஓடுகிறது, வெளிர் ஆரஞ்சாக, பளபளவென்று இருக்கிறது என்றால் உடனே நசுக்காதீர்கள். அது நம் பக்கத்து ஆளாக இருக்கலாம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

புள்ளி இருக்கிறது, ஆனால் லென்ஸில் வெறும் வெள்ளைத் தோல் மட்டுமே தெரிகிறது, உயிருள்ள சிலந்தியும் முட்டையும் இல்லை என்றால் அது பழைய காயம். குத்துப்பட்ட செல் மறுபடி பச்சையாகாது. பழைய காயத்தைப் பார்த்து மருந்து அடித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், என் முதல் இரண்டு வருடங்களில் நானும் அப்படித்தான் அடித்தேன். புதுத் தளிர் சுத்தமாக வருகிறதா என்பதுதான் கேள்வி. வந்தால் கையைக் கட்டிக்கொண்டு, கவனிப்பை மட்டும் தொடருங்கள்.

அறிகுறி: ஒரு மூலையில் மட்டும் வெளுப்பு, மற்ற இடமெல்லாம் பச்சை

இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தவர் கொடுத்துவைத்தவர். சிலந்தி எப்போதும் ஏதாவது ஓர் இடத்தில் குடும்பம் வைத்துத்தான் பரவும். வாசலுக்குப் பக்கத்துப் பாத்தி, தெற்கு மேற்குத் திரை ஓரம், சொட்டுநீர்க் குழாய் அடைத்துத் தண்ணீர் குறைந்த கடைசிச் செடிகள், மண் பாதையை ஒட்டித் தூசி படியும் வரிசை: முதலில் இவற்றைப் பாருங்கள். உலர்ந்த சூடான காற்று அதற்கு இதம். தண்ணீருக்குத் தவிக்கும் செடி அதற்கு விருந்து.

வெளுப்பு தெரியும் செடியோடு நிறுத்தாமல், அதிலிருந்து நாலா பக்கமும் இலையைத் திருப்பிக்கொண்டே போங்கள். முட்டைகூட இல்லாத இடம் வரும் வரை போய் அங்கே ஒரு ரிப்பன் கட்டுங்கள். வெளுப்பு தெரியும் வட்டத்தைவிட உண்மையான வட்டம் எப்போதும் பெரிது. அந்த எல்லைக்குள் மோசமான அடி இலைகளையும் பழைய பெண்டிங் கிளைகளையும் வெட்டி, அங்கேயே பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி வெளியே கொண்டுபோங்கள். கூடையில் போட்டுப் பாதை நெடுக இழுத்துப் போனால் நீங்களே விதைத்துக்கொண்டு போகிறீர்கள்.

பிறகு தண்ணீர். காலை வேளையில், வெறும் தண்ணீரை நல்ல அழுத்தத்தில் இலையின் அடிப் பக்கமாகப் பீய்ச்சினால் நடமாடும் சிலந்திகளில் பெரும்பகுதி அடித்துச் செல்லப்படும், வலையும் தூசியும் கழுவப்படும். பதினோரு மணிக்குள் இலை காய்ந்துவிட வேண்டும். மாலையில் செய்து ஈரத்தோடு இரவுக்குள் விட்டால் அடிச்சாம்பலையும் மொட்டு அழுகலையும் நாமே கூப்பிட்டதாக ஆகும். தண்ணீரால் முட்டை முழுக்கப் போகாது, ஆகவே மூன்று நாளுக்கு ஒரு முறை மூன்று தடவையாவது கழுவ வேண்டும். ஒரு சின்ன மூலையை மருந்தே இல்லாமல் இப்படி மீட்டுவிடலாம். ஆள்கூலி கணக்குப் போட்டால்கூட முழுக் கூடாரத்துக்கும் அடிக்கும் ஒரு தெளிப்பைவிட அதிகம் ஆகாது.

வேலை வரிசையையும் மாற்றுங்கள். சுத்தமான பாத்திகளில் காலையில் பூ வெட்டு, ரிப்பன் கட்டிய பாத்தி கடைசி. அந்தப் பாத்தியில் வேலை செய்தவர் அன்று அதே உடையோடு வேறு கூடாரத்துக்குள் போகக் கூடாது. வேலை செய்யும் அக்காமார்களுக்கு இதை ஒரு முறை லென்ஸில் காட்டி விளக்கிவிட்டால் போதும். அவர்கள் தினமும் செடியோடு இருப்பவர்கள். அதன் பிறகு உங்களுக்கு முன்னால் அவர்கள்தான் கண்டுபிடிப்பார்கள்.

அறிகுறி: நுனியிலும் மொட்டிலும் நூலாம்படை

இது முற்றிய நிலை. கீழே தின்ன இடமில்லாமல் சிலந்திகள் உச்சிக்கு ஏறி, காற்றிலும் கையிலும் தொற்றி அடுத்த செடிக்குப் போகக் காத்திருக்கின்றன. அந்த நூலே அவற்றுக்குப் பாலம், கூரை, குடை. அதன் மேல் அடிக்கும் மருந்துத் துளி நூலிலேயே நின்றுவிடும்.

அதனால் வலை கட்டிய காம்பின் மேல் நேரடியாக மருந்து அடிக்காதீர்கள். முதலில் பூ விற்கும் ஆசையை விட்டு அந்தக் காம்புகளை வெட்டுங்கள். இதைச் சொல்லும்போது யாருக்கும் மனசு வராது, 60 செ.மீ. காம்பு கண்முன் நிற்கும். ஆனால் வலை கட்டிய பூவைச் சந்தையில் எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் கட்டிலுள்ள மற்ற 19 பூவையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். வெட்டிய பிறகு தண்ணீரால் கழுவி வலையைக் கலைத்து, இலை காய்ந்ததும் மருந்து. இந்த வரிசை மாறினால் பலன் பாதிகூட இருக்காது.

அறிகுறி: மருந்து அடித்தேன், ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிட்டது

எனக்கு வரும் போன்களில் அதிகம் இதுதான். "டூப்ளிகேட் மருந்து குடுத்துட்டான்" என்று கடைக்காரர் மேல் கோபத்தோடு பேச்சு தொடங்கும். அதுவும் நடக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் நான்கு சோதனை இருக்கிறது.

முதல் சோதனை, முட்டை. அபாமெக்டின் நடமாடும் சிலந்தியைக் கொல்லும், முட்டையை விட்டுவிடும். ஹெக்சிதையசாக்ஸ், எட்டாக்சசோல் போன்றவை முட்டையையும் குஞ்சையும் பார்த்துக்கொள்ளும், வளர்ந்த பெண்ணைக் கொல்லாது. எட்டாக்சசோல் அடித்து மறுநாள் வந்து "எல்லாம் உயிரோட சுத்துது" என்று பதறுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பெண் இனி இடும் முட்டைகள் பொரிக்காமல் போவதுதான் அங்கே பலன். ஆகவே நீங்கள் அடித்தது எந்த நிலையைக் கொல்லும் மருந்து என்பது முதலில் தெரிய வேண்டும். நடமாடுவதை மட்டும் கொல்லும் மருந்து என்றால் இரண்டாவது தெளிப்பு கட்டாயம். எப்போது? முதல் நாள் இருந்த முட்டை எல்லாம் பொரிந்த பின், அந்தக் குஞ்சுகள் முட்டையிடும் வயதுக்கு வருமுன். மார்ச், ஏப்ரல் வெயிலில் அது ஐந்தாம் நாள். டிசம்பர் குளிரில் எட்டிலிருந்து பத்தாம் நாள். வருடம் முழுக்க "பதினைந்து நாளுக்கு ஒரு தடவை" என்று காலண்டரில் கோடு போட்டு அடிப்பவர்களுக்கு ஏப்ரலில் ஏன் தோற்கிறது என்பது இப்போது புரியும். அந்தப் பதினைந்து நாளில் இரண்டு தலைமுறை பிறந்துவிடுகிறது.

இரண்டாவது சோதனை, துளி அடியில் பட்டதா என்பது. தண்ணீர் பட்டால் மஞ்சளிலிருந்து நீலமாகும் தாள் விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் வெள்ளைத் தாள் துண்டுகளைப் பெண்டிங் இலைகளின் அடிப் பக்கமாக ஸ்டேப்ளர் போட்டு, தொட்டியில் வெறும் தண்ணீரோடு கேசரிப் பவுடர் கலந்து, வழக்கமாக அடிக்கும் ஆளையே வழக்கம் போல அடிக்கச் சொல்லுங்கள். பிறகு தாளை எடுத்துப் பாருங்கள். நான் முதல் முறை செய்தபோது மேல் இலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அடியில் இருந்த தாள்கள் வெள்ளையாகவே இருந்தன. அதுவரை ஐந்து வருடமாக நான் சிலந்தியின் கூரைக்கு மட்டும் மருந்து அடித்து வந்திருக்கிறேன். அதன் பிறகு லான்ஸின் (தெளிக்கும் நீளக் குழாய்) நுனியை வளைத்து, நாசிலை (துளி வெளிவரும் முனை) கீழிருந்து மேல் நோக்கி வைத்து, பாத்தியின் இரு பக்கமிருந்தும் அடிக்க ஆரம்பித்தோம். நாசில் தேய்ந்து துளை பெரிதானால் துளி பெரிதாகி வழிந்துவிடும், அதையும் பாருங்கள். அந்த வருடம் மருந்தை மாற்றவே இல்லை, அடிக்கும் முறையை மட்டும்தான் மாற்றினோம்.

மூன்றாவது, தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பும் காரமுமாக வருகிறது. பைஃபெனசேட், புரோபர்கைட் போன்றவை காரத் தண்ணீரில் சீக்கிரம் சிதையும். காலையில் கலக்கிவைத்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அடித்தால் தொட்டியில் பாதி வெறும் தண்ணீர்தான். பி.எச். 6-க்கும் 7-க்கும் இடையில் கொண்டுவந்த பிறகு மருந்தைக் கலக்குங்கள், கலக்கியதை உடனே அடித்து முடியுங்கள். சோப்புக் கரைசல் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே பிரச்சினை. கடின நீரில் சோப்பு திரிந்து வெள்ளைக் கசடாகிவிடும். அபாமெக்டின் வெயிலில் வேகமாகச் சிதைவதால் அதை மாலையில் அடிப்பது நல்லது, அதற்குள் இலை உறிஞ்சிக்கொள்ளும்.

நான்காவதாக வருவதுதான் எதிர்ப்புத் திறன். மேலே சொன்ன மூன்றும் சரியாக இருந்தும் சிலந்தி சாகவில்லை என்றால் மட்டும் இதைச் சந்தேகியுங்கள். இந்த ஒரு இனம் உலகம் முழுவதும் 90-க்கும் மேற்பட்ட மருந்துகளுக்கு எதிர்ப்பு காட்டியதாகப் பதிவாகியிருக்கிறது. ஆணெல்லாம் சேர்க்கையில்லாத முட்டையிலிருந்து வருவதும், வருடத்தில் இருபது முப்பது தலைமுறை கடப்பதும் அதற்குக் கைகொடுக்கின்றன. ஒரு சின்னப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம். சிலந்தி உள்ள இலைகள் ஆறு எடுங்கள். மூன்றை லேபிளில் உள்ள அளவில் கலக்கிய மருந்தில் ஐந்து விநாடி நனையுங்கள், மூன்றை வெறும் தண்ணீரில். நிழலில் உலர்த்தி, ஈரப் பஞ்சின் மேல் அடிப்பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். இரண்டு நாள் கழித்து லென்ஸில் பார்த்து மெல்லிய தூரிகையால் தொடுங்கள். தொட்டால் கால் அசைகிறதா என்று எண்ணுங்கள். கையுறை அவசியம். ஒன்று நினைவிருக்கட்டும்: அசையாதது எல்லாம் செத்தது அல்ல. ஒவ்வொரு தோலுரிப்புக்கு முன்னும் சிலந்தி கால்களை மடக்கி, வெள்ளி போலப் பளபளத்து அசையாமல் கிடக்கும். செத்தது சுருங்கிப் பழுப்பாகிவிடும்.

எதிர்ப்பு உறுதியானால் மருந்தை மாற்ற வேண்டும், பாட்டிலை மட்டும் மாற்றினால் போதாது. கடையில் வேறு வேறு பெயரில் இருப்பவை உள்ளே ஒன்றாக இருக்கும். தொழில்நுட்பப் பெயரைப் பாருங்கள், அதோடு ஐ.ஆர்.ஏ.சி. குழு எண்ணையும் பாருங்கள். மருந்து எந்த வழியில் கொல்கிறது என்பதை வைத்துப் பிரித்த எண் அது. அபாமெக்டின் குழு 6. ஹெக்சிதையசாக்ஸும் எட்டாக்சசோலும் குழு 10. புரோபர்கைட் 12, பைஃபெனசேட் 20, ஸ்பைரோமெசிஃபென் 23, சைஃப்ளூமெட்டோஃபென் 25. ஃபெனசாகுவினும் ஃபென்பைராக்சிமேட்டும் இரண்டுமே 21. ஒன்றுக்குப் பதில் மற்றதை அடித்துவிட்டு "மாத்தி மாத்தித்தான் அடிக்கிறேன்" என்று சொன்னால் சிலந்திக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு தலைமுறையைத் தாண்டி அடுத்ததற்கு அதே எண்ணைக் கொடுக்காதீர்கள். உங்கள் பயிருக்கு அனுமதி உண்டா என்பதையும் அளவையும் லேபிளில் பாருங்கள். போனில் கேட்டு அளவு முடிவு செய்யாதீர்கள், என்னிடமும் கேட்காதீர்கள். பழைய இருப்பில் டைகோஃபால் பாட்டில் இருந்தால் தொட வேண்டாம், 2019-ல் அது ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் (மண்ணிலும் உயிரிலும் நீண்டகாலம் தங்கும் நச்சுகளுக்கான உலக ஒப்பந்தம்) ஒழிப்புப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

அடிக்கிறவரைப் பற்றி ஒரு வார்த்தை. பாலிஹவுஸ் மூடிய இடம், வெளி வயல் போலக் காற்று அள்ளிக்கொண்டு போகாது. பக்கத்திரைகளைத் திறந்துவைத்து, முழுக்கை உடை, கையுறை, கண்ணாடி, மருந்துக்குரிய முகமூடியோடு அடியுங்கள். வாயில் துண்டைக் கட்டிக்கொள்வது முகமூடி ஆகாது. லேபிளில் சொன்ன நேரம் முடியும் வரை பூ வெட்ட யாரையும் உள்ளே அனுப்பாதீர்கள். பெண்டிங் கிளைக்குள் கைவிட்டு வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஈர மருந்து முதலில் படுவது அவர்கள் கையில்தான்.

அறிகுறி: அடித்த பிறகு முன்பைவிட அதிகமாகிவிட்டது

அடித்தது என்ன என்று கேட்டால் பெரும்பாலும் இலைப்பேனுக்கோ அசுவினிக்கோ வாங்கிய பூச்சிமருந்தாக இருக்கும். செயற்கை பைரித்ராய்டு மருந்துகள் சிலந்தியைத் தின்னும் நல்ல உயிர்களைத் துடைத்துவிட்டுச் சிலந்தியை விட்டுவைக்கும். இமிடாகுளோபிரிட் பட்ட பெண் சிலந்தி வழக்கத்தைவிடக் கூடுதலாக முட்டையிட்டதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். பூச்சிக்கு ஆன மருந்து சிலந்திக்கு உரமாகிப்போகிற கொடுமை இது.

உர அளவையும் திருப்பிப் பாருங்கள். காம்பு நீளம் வேண்டும் என்று தழைச்சத்தை ஏற்றினால் இலைச்சாறு சத்தாகி, சிலந்தி வேகமாக வளர்ந்து அதிகம் முட்டையிடும்.

அறிகுறி: வலையும் இல்லை, புள்ளியும் இல்லை, நுனி மட்டும் சுருண்டு மொறமொறவென்று உடைகிறது

ரோஜாவைவிடப் பக்கத்துக் கூடாரத்துக் குடைமிளகாயிலும் ஜெர்பராவிலும் இது அதிகம். மிளகாய்க்காரர்கள் முரணை என்பார்கள். இலைப்பேனால் சுருண்டால் இலை மேல் நோக்கி மடங்கும், முரணைச் சிலந்தியால் என்றால் கீழ் நோக்கி. இது செஞ்சிலந்தியைவிடவும் சிறியது, 10 மடங்கு லென்ஸில் சிக்குவதே கஷ்டம். தளிரைக் கிள்ளி 20 மடங்கில் பார்க்க வேண்டும். இருப்பது அடி இலையில் அல்ல, நுனித் தளிரில். மேலே சொன்ன தெளிப்பு முறை இங்கே தலைகீழ். கந்தகம் இதற்கு நன்றாகக் கேட்கும்.

அறிகுறி: இரைவிழுங்கிச் சிலந்தி விட்டேன், காணாமல் போயிற்று

வெளிர் ஆரஞ்சாக ஓடும் ஆள் என்று முன்பு சொன்னது இதுதான், செஞ்சிலந்தியைத் தின்னும் சிலந்தி. பைட்டோசியூலஸ் பெர்சிமிலிஸ் என்பது உலகப் புகழ் பெற்றது. சிலியிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஆர்க்கிட் செடிகளோடு 1950-களின் இறுதியில் கண்ணில் பட்டு, அங்கிருந்து ஐரோப்பியக் கண்ணாடிக் கூடாரங்களுக்கெல்லாம் பரவியது. நம் நாட்டிலேயே இயல்பாக இருக்கும் நியோசியூலஸ் லாஞ்சிஸ்பைனோசஸும் இதே வேலையைச் செய்கிறது, நம் வெயிலையும் நன்றாகத் தாங்கும். நான் இதன் பக்கம். மருந்தில்லாமல் ஒரு பாத்தி தானாகப் பச்சை திரும்புவதை ஒரு முறை பார்த்தவர்களுக்கு அந்த மகிழ்ச்சி புரியும்.

காணாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. வலை கட்டிய பிறகு விட்டிருப்பீர்கள். அந்தக் கூட்டத்தோடு போட்டிபோட அதனால் முடியாது, முதல் புள்ளி தெரிந்ததுமே விட வேண்டும். அல்லது முன்பு அடித்த பைரித்ராய்டின் எச்சம் இலையில் இருந்திருக்கும். அது வாரக்கணக்கில் நிற்கும். அல்லது காற்று காய்ந்துபோயிருக்கும்: ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே போனால் பெர்சிமிலிஸின் முட்டை பொரிக்காமல் வாடும், 30 டிகிரிக்கு மேல் அது சோர்ந்துவிடும். மதியம் 12-லிருந்து 3 வரை ஃபாகரை (பனி போல நீர்த்துளி தூவும் கருவி) சில நிமிட இடைவெளியில் ஓடவிட்டு ஈரப்பதத்தைப் பிடித்துவைக்கலாம், ஆனால் இலை நனையும் அளவுக்கு வேண்டாம். விட்டால் ரிப்பன் வட்டத்துக்குள் கூட்டமாக விடுங்கள், முழுக் கூடாரத்துக்கும் தூவி வீணாக்காதீர்கள்.

அறிகுறி: இலை ஓரம் கருகுகிறது

இது சிலந்தியின் வேலை அல்ல, மருந்தின் வேலை. வேப்பெண்ணெய் உச்சி வெயிலில் அடித்தால் கருகும். கந்தகம் 32 டிகிரியைத் தாண்டினால் கருக்கும். இரண்டையும் இரண்டு வார இடைவெளி இல்லாமல் அடித்தால் நிச்சயம் கருகும். புரோபர்கைட் ரோஜாவின் இளந்தளிரைச் சுடுவது உண்டு, ஒரு பாத்தியில் அடித்து நான்கு நாள் பார்த்த பிறகே மற்றவற்றுக்குப் போங்கள்.

ரிப்பனை எப்போது அவிழ்ப்பது

வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள், எங்கள் தோட்டத்தில் செவ்வாய். ஒவ்வொரு பாத்தியிலும் பெண்டிங் கிளையிலிருந்து பத்து அடி இலை. உயிருள்ள சிலந்தியோ முட்டையோ உள்ள இலை எத்தனை என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். வெயில் காலத்தில் ரிப்பன் கட்டிய பாத்திக்கு மட்டும் வாரம் இரண்டு முறை. பத்தில் ஒன்றா, நான்கா, எட்டா என்பது போன வாரத்தோடு ஒப்பிட்டால்தான் பேசும். எட்டு நான்காக இறங்கியிருந்தால் கையில் இருக்கும் பாட்டிலைக் கீழே வைக்கலாம். இரண்டு நான்காக ஏறியிருந்தால் வெளுப்பு தெரியக் காத்திருக்க வேண்டாம்.

தொடர்ந்து மூன்று வாரம் முட்டை ஒன்றுகூட இல்லை என்றால் ரிப்பனை அவிழ்த்துவிடுங்கள். அதற்குள் கூடாரத்தைச் சுற்றி இரண்டு மீட்டர் அகலத்துக்குக் களையை வெட்டியிருக்க வேண்டும். வெளியே ஆமணக்கு, கத்தரி, அவரை நின்றால் அவற்றின் அடி இலையையும் அந்தச் செவ்வாய்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.